பத்துக் கணினி, நாற்பது கோர்: சுறாத் துண்டுகளின் டிஎன்ஏ ஒப்பீடு, ஒரு நிகழ்வு ஆய்வு

தேங்காய்ப்பட்டணத்திலோ குளச்சலிலோ முட்டத்திலோ முழு உடலாக வந்து இறங்கும் சுறாவுக்கு டிஎன்ஏ ஆய்வு வேண்டியதில்லை. தலையும் பல்லும் துடுப்பும் இருந்தால் போதும். ஆயிரங்கால் தூண்டிலோடு வளர்ந்த தூத்தூர்ப் பக்கத்து மீனவர் கொம்பனா, பால்சுறாவா, வேறொன்றா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். தலை போய், துடுப்பு போய், தோல் உரிந்து, துண்டாகி, உப்பேறிக் கருவாடான பிறகு கண் உதவாது. அந்தக் கட்டத்தில்தான் சட்டம் குறுக்கே வருகிறது. வேளாவும் திமிங்கலச் சுறாவும் உள்ளிட்ட சில இனங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. நாடுகளுக்கிடையேயான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் பட்டுத்தோல் சுறாவும் நீள்வால் சுறாக்களும் 2016 இல் சேர்ந்தன. 2022 இல் கார்க்கரைனிடே என்ற சுறாக் குடும்பம் முழுவதும் சேர்ந்தது. ஒரு துண்டுக்குத் தவறான இனப்பெயர் ஒட்டினால், தடையில்லாத மீனைப் பிடித்தவர் பிடிபடுவார். தடையுள்ள மீன் தப்பிப் போகும். ஆகவே இந்த ஒப்பீட்டில் வேகத்தைவிடச் சரியான விடைதான் முதல் தேவை. வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில் பல இடத்தில் ஓட்டும் இணைக் கணிமை அந்த விடையை நம்பும்படி திரும்பத் திரும்பச் சோதிக்க நேரம் தருகிறது. அதன் பயன் அதுவே.

எடுத்துக்கொண்ட நிகழ்வு

நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரிக் கணினிக்கூடம் எதிலும் காணக்கூடிய அமைப்பையே கணக்குக்கு எடுத்துக்கொள்கிறோம். 10 மேசைக் கணினிகள். ஒவ்வொன்றிலும் 4 கோர் (செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதி), 8 ஜிபி ரேம். எல்லாம் ஒரே ஸ்விட்சில். பகலில் மாணவர்கள் உட்காருவார்கள், மாலை 5 மணி முதல் காலை 8 மணி வரை கூடம் காலி. ஆய்வகத்திலிருந்து வருவது 96 குழித் தட்டு 5. ஒவ்வொரு தட்டிலும் மாசு கலந்தால் தெரிய ஒரு குழி வெறும் தண்ணீருக்கு, ஒரு குழி இனம் தெரிந்த மீனுக்கு. மீதி 94 வீதம் 470 மாதிரிகள். ஒப்பிடும் பகுதி மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுத் துண்டு. மீன்களுக்கு 2005 முதல் பரவலாகப் புழங்கும் பிரைமர்கள் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) சுமார் 655 எழுத்து (ஏ, சி, ஜி, டி) நீளத் துண்டைத் தருகின்றன. ஓரங்களை வெட்டிய பின் சராசரி 650 என்று வைத்துக்கொள்வோம். ஒப்பிட்டுப் பார்க்க, இனப்பெயரோடு சேமித்த மேற்கோள் தொகுப்பில் 6,000 வரிசைகள்.

கீழே வரும் நேரங்கள் எல்லாம் சொல்லப்பட்ட வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு. செய்யப்போகிறவர் தம் கணினியில் ஒரு மாதிரி, ஒரு மேற்கோள் என்ற 1,000 இணைகளை ஓட்டி வேகத்தை அளந்து அந்த எண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும். இந்த அளவீட்டுக்குச் சில நிமிடம் போதும், ஆனால் பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பெருக்கிப் பார்த்தால்

இரண்டு வரிசைகளை முழுமையாகப் பொருத்தும் முறை 1970 இல் நீடில்மன், வுன்ஷ் இருவரும் தந்தது. பகுதிப் பொருத்தத்துக்கு 1981 இல் ஸ்மித், வாட்டர்மன் அதை மாற்றினார்கள். பொருத்தும்போது விடும் இடைவெளியைத் திறக்க ஒரு தண்டனை (மதிப்பெண் குறைப்பு), நீட்ட வேறு தண்டனை என்று வைத்தும் வேகம் குறையாமல் கணக்கிடும் வழியை 1982 இல் கோட்டோ கொடுத்தார். மூன்றுக்கும் அடிப்படை ஒரு கட்டம் போட்ட தாள். ஒரு வரிசை மேலே, இன்னொன்று பக்கத்தில். ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பும் அதன் இடது, மேல், மேலிடது கட்டங்களைப் பார்த்தே நிரம்பும். 650க்கு 650 என்றால் ஓர் இணைக்கு 4,22,500 கட்டங்கள்.

470 மாதிரிகளை 6,000 மேற்கோள்களோடு ஒப்பிட்டால் 28,20,000 இணைகள். மொத்தம் 1,19,145 கோடிக் கட்டங்கள், அதாவது ஏறத்தாழ 1.2 லட்சம் கோடி.

பைத்தானில் இரட்டை வளையம் எழுதி ஓட்டினால் விநாடிக்கு 10 லட்சம் கட்டங்கள் என்பதே நல்ல வேகம். அந்தக் கணக்கில் ஒரு கோருக்கு 13 நாள் 19 மணி நேரம். உடனே எல்லாருக்கும் தோன்றுவது 40 கோர்களையும் இழுத்துப் போடலாம் என்பது. போட்டால், எதுவும் வீணாகாத கனவு நிலையிலும், 8 மணி 16 நிமிடம். ஓர் இரவு தாங்கும். ஆனால் அங்கே நிறுத்தக் கூடாது.

முதலில் ஒரே கோருக்குள்

அதே கணக்கைச் சி மொழியில் எழுதினால் விநாடிக்கு 20 கோடிக் கட்டங்கள் எளிதில் வரும். ஒரே கோரில் 99 நிமிடம். அதற்கும் மேலே, இன்றைய செயலிகளில் ஒரே கட்டளையால் பல எண்களைக் கூட்டும் வசதி உண்டு. ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதியில் 256 பிட் அகலப் பதிவகம் இருக்கிறது. 16 பிட் எண்கள் 16 ஐ அதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே அடியில் கணக்கிடலாம். கட்டங்களை இதற்குத் தோதாக வரிவரியாகக் கலைத்து அடுக்கும் முறையை 2007 இல் ஃபாரர் வெளியிட்டார். பாராசெயில் போன்ற நிரல் நூலகங்கள் அதை எடுத்தாளத் தயாராக வைத்திருக்கின்றன. விநாடிக்கு 400 கோடிக் கட்டங்கள் என்று வைத்தால், மொத்த வேலையும் ஒரே கோரில் 5 நிமிடம்.

40 கோர் பைத்தானுக்கு 8 மணி நேரத்துக்கு மேல். ஒரு கோர் ஏவிஎக்ஸ்2 நிரலுக்கு 5 நிமிடம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகே கூடத்தின் சாவியைக் கேட்கப் போக வேண்டும். வரிசை இதுதான்: முதலில் ஒரு கோருக்குள் இருக்கும் அகலம், அடுத்து ஒரு கணினிக்குள் இருக்கும் கோர்கள், கடைசியில் கணினிகள். தலைகீழாகப் போனால் மெதுவான நிரலைப் பத்து இடத்தில் ஓட்டி, பத்து இடத்துப் பிழைகளையும் சேர்த்துத் தீர்க்க வேண்டியதாகும்.

எங்கே வெட்டுவது

ஒரு தாளுக்குள்ளேயே வேலையைப் பிரிக்கலாம். மேல்வலமிருந்து கீழிடமாகச் சாயும் மூலைவிட்டத்தில் உள்ள கட்டங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல என்பதால் அப்படி ஒரு மூலைவிட்டத்தைப் பல த்ரெட்கள் (ஒரே நிரலின் இணையோட்டங்கள்) பங்கிட்டுக்கொள்ள முடியும். பாடப்புத்தகங்கள் முதலில் காட்டுவதும் இதைத்தான். ஆனால் 650க்கு 650 தாளில் மூலைவிட்டங்கள் 1,299. ஒவ்வொன்றும் முடிந்ததும் எல்லாத் த்ரெட்களும் ஒன்றுக்கொன்று காத்திருந்து சேர்ந்து நகர வேண்டும். கரைமடி இழுப்பது போல: ஒருவர் தளர்ந்தால் வடம் முழுவதும் நிற்கும். ஆகப் பெரிய மூலைவிட்டத்திலும் 650 கட்டங்களே இருப்பதால் காத்திருக்கும் நேரம் கணக்கிடும் நேரத்தை விழுங்கிவிடுகிறது. நாலு த்ரெட் போட்டு, ஒன்றைவிட மெதுவாக ஓடுவதை இங்கே காணலாம். கோடிக்கணக்கான எழுத்துகள் கொண்ட குரோமோசோம்களை ஒப்பிடும்போது இந்த வெட்டு பொருந்தும். சிஓஐ துண்டுக்குப் பொருந்தாது.

நம் வேலையில் 28 லட்சம் இணைகள் இருக்கின்றன, எதுவும் எதையும் சார்ந்ததல்ல. ஆளுக்கொரு வள்ளம் போல இணைகளைப் பிரித்துக் கொடுத்தால் போதும். கேள்வி, எவ்வளவு பெரிய கட்டாகக் கொடுப்பது என்பது மட்டுமே. ஓர் இணைக்கு ஒரு செயல்முறை (தனி நிரல் ஓட்டம்) என்று தொடங்கினால், தொடங்குவதற்கே 5 மில்லிவிநாடி என்று வைத்தாலும் 28.2 லட்சத்துக்கு 14,100 விநாடி, அதாவது 3 மணி 55 நிமிடம், கணக்கே போடாமல் போய்விடும். 5 நிமிட வேலைக்கு இது அநியாயம்.

மறுபுறம், தரவை வலைப்பின்னலில் துண்டு துண்டாக அனுப்பும் கவலை இங்கே வீண். 6,000 வரிசைகளும் சேர்ந்து 39 லட்சம் பைட். ஒரு கைப்பேசிப் படத்தின் அளவு. வேலை தொடங்கும் முன் பத்துக் கணினிக்கும் முழுத் தொகுப்பையும் நகலெடுத்துவிட வேண்டும். அதன் பின் வலைப்பின்னலில் போக வேண்டியவை கட்டின் எண்ணும் முடிவும் மட்டுமே. இந்த அளவுக்கு எம்பிஐ நிரல் எழுத வேண்டிய அவசியமும் இல்லை. ஒன்றிலிருந்து மற்றதில் நுழைய எஸ்எஸ்எச் சாவி வைத்த லினக்ஸ் கணினிகள், மேலே வேலைகளைப் பகிர்ந்து ஓட்டும் ஜிஎன்யூ பேரலல், இவை போதும். கணினிகள் நடுவழியில் ஒன்றோடொன்று பேச வேண்டிய வேலைக்குத்தான் எம்பிஐ.

சரிவான முக்கோணம்

470 மாதிரி வேலைக்கு ஒரு கணினி போதுமென்றால் மற்ற ஒன்பதும் எதற்கு? மேற்கோள் தொகுப்பை நம்பலாமா என்று பார்க்க. பொதுத் தரவுத்தளங்களில் இனப்பெயர் தவறாக ஒட்டிய வரிசைகள் இருக்கின்றன. அவற்றைப் பிடிக்க 6,000 வரிசைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்: ஒரே பெயரில் விலகி நிற்பது எது, வேறு பெயரில் ஒட்டி நிற்பது எது என்று. இணைகள் 1,79,97,000. கட்டங்கள் 7.6 லட்சம் கோடி. 400 கோடி வேகத்தில் ஒரு கோருக்கு 32 நிமிடம். சாதாரணச் சி நிரலில் 10 மணி 34 நிமிடம். தண்டனை அளவை மாற்றி, வெட்டும் ஓரத்தை மாற்றி, சேர்த்ததும் நீக்கியதுமாக இதை இருபது முப்பது முறை ஓட்ட வேண்டிவரும். அப்போது 40 கோரும் வேண்டும்.

இங்கே ஒரு தவறு அனேகமாக எல்லாரும் செய்வது. முதல் வரிசையை 5,999 பேரோடு ஒப்பிட வேண்டும், கடைசி வரிசைக்கு ஒப்பிட யாருமில்லை. இது ஒரு முக்கோணம். 6,000 வரிசைகளை 40 பங்காக, பங்குக்கு 150 வீதம் வெட்டிக் கொடுத்தால் முதல் கோருக்கு 8,88,675 இணைகள், கடைசிக் கோருக்கு 11,175. சராசரி 4,49,925 தான். மொத்த வேலையும் முதல் கோர் முடிக்கும்வரை முடியாது, அதற்குச் சராசரியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு நேரம். 40 கோர் இருந்தும் 20 கோரின் பலன். கணினிகள் எல்லாம் வேலை செய்வது போலத் தெரிவதால் இது கண்ணுக்கும் படாது. ஓட்டம் முடியும் கடைசி நேரத்தில் எத்தனை கோர்கள் சும்மா இருக்கின்றன என்று, கோர்வாரியாக வேலையைக் காட்டும் ஹெச்டாப் திரையில் பார்த்தால்தான் விளங்கும்.

தீர்வு, சதுரக் கட்டுகள். 6,000 ஐ 250 வீதம் 24 தொகுதிகளாக்கி, தொகுதியைத் தொகுதியோடு சேர்த்தால் மொத்தம் 300 கட்டுகள். அவற்றில் 276 முழுச் சதுரம், தலா 62,500 இணைகள். மூலைவிட்டத்தில் விழும் 24 அரைச் சதுரம், தலா 31,125. ஒரு கட்டுக்கு வேண்டிய வரிசைகள் 500, அதாவது 3,25,000 பைட். செயலியின் கேஷிலேயே (உள்நினைவகத்திலேயே) தங்கிவிடும். முழுக் கட்டு ஒன்றுக்கு 400 கோடி வேகத்தில் 6.6 விநாடி, சாதாரண நிரலில் 2 நிமிடம் 12 விநாடி. கட்டுகளை முன்கூட்டியே பங்கிடாமல், முடித்தவர் அடுத்ததை எடுக்கும்படி ஒரே வரிசையில் வைக்க வேண்டும். முழுக் கட்டுகள் முதலில், அரைக் கட்டுகள் கடைசியில். சந்தையில் பெரிய கூடையை முதலில் ஏற்றிவிட்டுச் சந்துகளில் சின்னதைச் செருகுவது போல, கடைசி நேரக் காத்திருப்பு இதனால் சுருங்கும்.

இனி 40 கோருக்கு 48 விநாடி என்று மகிழும் முன், பிரிக்க முடியாத பகுதியைக் கூட்ட வேண்டும். கோப்புகளைப் படித்து, கடைசியில் முடிவுகளை ஒட்டிச் சேர்க்க 2 நிமிடம் என்றால் மொத்தம் 168 விநாடி. ஒரே கோரில் 34 நிமிடம் எடுத்த வேலை இது. கிடைத்தது 12 மடங்கு, 40 அல்ல. கணினி வடிவமைப்பாளர் அம்டால் 1967 இல் சொன்ன கணக்கு இதுதான். இந்த இடத்தில் இன்னும் பத்துக் கணினி வாங்கினாலும் 24 விநாடிதான் மிச்சம். ஒட்டும் வேலையைச் சுருக்கினால் ஒரு நிமிடத்துக்கு மேல் மிச்சமாகும். சுருக்கும் வழி எளிது: 1.8 கோடி இணைகளையும் வரிக்கு 60 பைட் உரையாக எழுதினால் 108 கோடி பைட். 4 பைட் எண்ணாக எழுதினால் 7.2 கோடி. எந்த எண் எந்த இணைக்கு என்பது கட்டின் எண்ணிலிருந்தே தெரியும், பெயரைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதில்லை. எந்த எழுத்து எதோடு பொருந்தியது என்ற பொருத்தப் பாதையையும் எல்லா இணைக்கும் தேட வேண்டாம். மதிப்பெண் மட்டும் போதும். ஒவ்வொரு மாதிரிக்கும் மேலே வந்த 20 மேற்கோள்களுக்கு மட்டும் பாதை எடுத்தால் 470க்கு 9,400 பொருத்தங்கள்தான்.

கூடத்தில் உடையும் இடங்கள்

பத்துக் கணினியும் ஒரே ஆண்டு வாங்கியவையாக இருப்பது அபூர்வம். ஏவிஎக்ஸ்2 இன்டெல் செயலிகளில் 2013 இல் ஹாஸ்வெல் தலைமுறையோடு வந்தது. அதே தலைமுறையின் பென்டியம், செலரான் ரகங்களில் அது கிடையாது. புதிய கணினியில் அதன் செயலிக்கேற்பத் தொகுத்த நிரலைப் பழையதில் ஓட்டினால் தொடங்கியதுமே கட்டளை புரியவில்லை என்று செத்துவிழும். ஓட்டும் கருவி அதைத் தோல்வி என்று பதியாமல் விட்டால் அந்தக் கட்டு காணாமல் போகும். ஒவ்வொரு கணினியிலும் செயலியின் வசதிப் பட்டியலை முதலில் படித்து, பழையதற்குத் தனியே 128 பிட் வகையைத் தொகுத்து வைக்க வேண்டும்.

சில 4 கோர் கணினிகள் 8 கோர் என்று காட்டும். கூட்டிக்காட்டும் அந்த நான்கும் அதே கணக்கிடும் பகுதியைப் பங்கிடுபவை. ஏவிஎக்ஸ்2 நிரல் அதை ஏற்கெனவே நிரப்பிவிட்டதால் 8 ஓட்டினால் பெரிய பலன் இல்லை. இன்னொரு விஷயம்: நூலகம் தானே 4 த்ரெட் தொடங்கும் வகையாக இருந்து, நாமும் 4 செயல்முறை தொடங்கினால், 16 பேர் 4 நாற்காலிக்கு அடித்துக்கொள்வார்கள். நூலகத்துக்கு ஒரு த்ரெட் என்று வெளியிலிருந்தே கட்டிவைக்க வேண்டும்.

ஒரே ஒரு கணினி மட்டும் பாதி வேகத்தில் ஓடினால் முதலில் திறந்து பார்க்க வேண்டியது மூடியை. தூசி அடைத்த விசிறி, காய்ந்துபோன வெப்பப் பசை இரண்டும் செயலியைச் சூடாக்கும். சூடானால் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மாணவர் பயன்பாட்டில் இது தெரியவே தெரியாது. நாலு கோரும் இரவு முழுவதும் முழுமூச்சில் ஓடும்போதுதான் வெளிவரும்.

ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கும் இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. மின்தடை வரும் என்று வைத்தே திட்டமிட வேண்டும். 300 கட்டுகளாக வெட்டியதன் இன்னொரு பலன் இங்கே தெரியும்: தடை வந்தால் கோருக்கு ஒரு கட்டு, சில விநாடி வேலை, அவ்வளவுதான் போகும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. முடிவுக் கோப்பு இருந்தால் கட்டு முடிந்தது என்று நிரல் எடுத்துக்கொண்டால், பாதி எழுதிய கோப்பும் முடிந்ததாகக் கணக்காகும். தற்காலிகப் பெயரில் எழுதி, வட்டில் இறங்கியதை உறுதிசெய்து, அதே வட்டிலேயே இறுதிப் பெயருக்கு மாற்ற வேண்டும். அளவையும் பார்க்க வேண்டும்: முழுக் கட்டுக்கு 62,500 எண், அதாவது 2,50,000 பைட், அரைக் கட்டுக்கு 1,24,500. ஒரு பைட் குறைந்தாலும் அழித்துவிட்டுத் திரும்ப ஓட்டலாம்.

கடலோர ஊர்களில் உப்புக் காற்று ரேம் அட்டையின் தொடுமுனைகளையும் அரிக்கும். ரேம் பிழை பெரும்பாலும் கணினியை முடக்கும். சில நேரம் ஓர் எண்ணை மட்டும் மாற்றிவிட்டுச் சத்தமில்லாமல் இருந்துவிடும். மதிப்பெண்கள் முழு எண்கள் என்பதால் எந்தக் கணினியில் எந்த வரிசையில் ஓட்டினாலும் விடை பைட்டுக்குப் பைட் ஒன்றாகவே வர வேண்டும். ஆகவே 300 இல் 10 கட்டுகளை வேறு கணினியில் மறுபடி ஓட்டி, இரண்டு கோப்புகளின் சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிடுங்கள். வேறுபட்டால் அந்த இரண்டு கணினிகளையும் நிறுத்திவிட்டு ரேம் சோதனை.

வேகமாக வரும் தவறான விடை

இதுவரை சொன்ன கோளாறுகள் கூச்சல் போடும், அல்லது எண்ணிப் பார்த்தால் பிடிபடும். உள்ளே போகும் வரிசையில் உள்ள கோளாறு அப்படியல்ல. அது 40 கோரிலும் ஒழுங்காக ஓடி, அழகான அட்டவணையாக வெளிவரும்.

ஒவ்வொரு மாதிரியும் இரு திசையிலும் படிக்கப்பட்டிருக்கும். எதிர்த்திசைப் படிப்பைத் திருப்பி, ஏவுக்கு டி, சிக்கு ஜி என்று இணை எழுத்தாக மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் எந்தச் சுறாவோடும் பாதி எழுத்து மட்டுமே பொருந்தும். புதிய இனம் என்று ஒருவர் துள்ளிக் குதிக்கக்கூடும். இரு திசையிலும் முழு ஒப்பீடு செய்தால் வேலை இரட்டிக்கும். அதற்குப் பதில், மாதிரியின் 11 எழுத்துத் துண்டுகளில் எத்தனை மேற்கோளில் இருக்கின்றன என்று இரு திசைக்கும் எண்ணிப் பார்த்து முன்னதாகவே திசையை நிலைநிறுத்துவது மலிவு.

ஓரங்களை வெட்டும்போது தரமதிப்பெண் 20க்குக் கீழே உள்ளவற்றை விட வேண்டும். 20 என்றால் நூற்றில் ஒன்று தவறு, 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. சுறாக்களில் இது முக்கியம். அவற்றின் மைட்டோகாண்ட்ரியா பாலூட்டிகளுடையதைவிட மிக மெதுவாக மாறுகிறது. நெருங்கிய இனங்களைச் சில எழுத்துகளே பிரிக்கும். அந்தச் சில எழுத்துகள் படிப்புப் பிழையாக இருந்தால் இனமே மாறிவிடும்.

பிறகு புரதமாக மொழிபெயர்த்து நடுவில் நிறுத்தக் குறி வருகிறதா என்று பார்ப்பது. வந்தால் அது உண்மையான சிஓஐ அல்ல, உட்கருவுக்குள் போய் ஒட்டிக்கொண்ட பழைய நகலாகவோ படிப்புப் பிழையாகவோ இருக்கலாம். இங்கே முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியா அட்டவணையை, அதாவது 2 ஆம் எண் அட்டவணையை, தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கமான அட்டவணையில் டிஜிஏ நிறுத்தக் குறி. இங்கே அது டிரிப்டோஃபான். அட்டவணையை மாற்றாமல் ஓட்டினால் நல்ல வரிசைகள் எல்லாம் குப்பைக்குப் போகும். தண்ணீர்க் குழியில் வரிசை வந்திருந்தால் அந்தத் தட்டு முழுவதையும் ஒதுக்க வேண்டியதுதான், இதில் இரக்கம் கூடாது.

அடுத்தது விழுக்காடு. 655 எழுத்து மேற்கோளோடு 615 எழுத்து மாதிரி. வேறுபாடு 2 எழுத்து. மாதிரி எட்டாத ஓர வெறுமையையும் கணக்கில் சேர்த்தால் 655 இல் 613, அதாவது 93.6 விழுக்காடு. சேர்க்காவிட்டால் 615 இல் 613, 99.7. ஒரே மீன், ஒரே பொருத்தம். ஒரு கணக்கில் வேறு இனம், இன்னொன்றில் அதே இனம். சிஓஐக்கு ஓர வெறுமையைத் தண்டிக்காத முழுப் பொருத்தமே சரி. பகுதிப் பொருத்தம் 100 எழுத்து மட்டும் ஒத்துப்போகும் இடத்தையும் நூறு விழுக்காடு என்று காட்டிவிடும். எந்த வகுத்தியால் வகுத்தது என்பதை அறிக்கையில் எழுத வேண்டும், குறைந்தது எத்தனை எழுத்து ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும் என்பதையும் கூட.

இரண்டு கருவிகளின் மதிப்பெண் ஒத்துப்போகாவிட்டால் உடனே பிழை என்று எண்ண வேண்டாம். பிளாஸ்ட் என்ற வரிசைத் தேடல் கருவி இடைவெளியின் முதல் எழுத்துக்குத் திறப்பு, நீட்டிப்பு இரண்டு தண்டனையும் சேர்த்துப் போடும். பாராசெயில் முதல் எழுத்துக்குத் திறப்பு மட்டும் போடும். பிளாஸ்டில் 10ம் 1ம் என்றால் பாராசெயிலில் 11ம் 1ம் கொடுத்தால்தான் சமம்.

முழு மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகும்போது

சிஓஐ போதாமல் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் முழு வளையத்தையும் ஒப்பிட நினைத்தால், ஒரு சுறாவுக்குச் சுமார் 16,700 எழுத்து. ஓர் இணைக்கு 27.9 கோடிக் கட்டங்கள். 200 வளையங்கள் என்றால் 19,900 இணைகள், 5.55 லட்சம் கோடிக் கட்டங்கள். வேகக் கணக்கில் இது முன்னதைவிடச் சிறியதுதான். உடைவது வேறு மூன்று இடத்தில்.

முதலாவது எண்ணின் அகலம். பொருந்தும் எழுத்துக்கு 5 மதிப்பெண் என்றால் சிஓஐக்கு அதிகபட்சம் 3,250; 16 பிட்டில் 32,767 வரை இடமுண்டு. 16,700 எழுத்துக்கு 5 வீதம் 83,500. எழுத்துக்கு 2 மதிப்பெண் வைத்தாலும் 33,400, அப்போதும் தாண்டிவிடும். உச்சத்தில் நின்றுவிடும் வகை நிரலாக இருந்தால் நெருங்கிய உறவுகள் எல்லாம் ஒரே 32,767 ஐக் காட்டி யார் முதலிடம் என்றே தெரியாமல் போகும். 32 பிட்டுக்கு மாற வேண்டும். ஒரே அடியில் 16 க்குப் பதில் 8 எண், வேகம் பாதி.

இரண்டாவது ரேம். கோட்டோ முறையில் மூன்று தாள். கட்டத்துக்கு 4 பைட் வீதம் முழுவதையும் வைத்தால் ஓர் இணைக்கு 335 கோடி பைட். நாலு கோரும் ஓடினால் 1,339 கோடி. 8 ஜிபி கணினி வட்டுக்குத் தாவி இழுத்துக்கொண்டு கிடக்கும், அல்லது செயல்முறையைக் கொன்றுவிடும். மதிப்பெண் மட்டும் வேண்டுமென்றால் இரண்டு வரி வைத்தால் போதும். பாதையும் வேண்டுமென்றால் ஹிர்ஷ்பெர்க் 1975 இல் சொன்ன பிரித்தாளும் முறை. நேரம் இரட்டிக்கும், இடம் நேர்கோட்டு அளவுக்குச் சுருங்கும்.

மூன்றாவது, இது வளையம். ஒருவர் ஓரிடத்தில் வெட்டி நீட்டியிருப்பார், இன்னொருவர் வேறிடத்தில். அப்படியே ஒப்பிட்டால் நடுவில் ஆயிரக்கணக்கான எழுத்து இடைவெளி விழும். எல்லாவற்றையும் ஃபினைல்அலனைன் கடத்து ஆர்என்ஏ மரபணுவின் தொடக்கத்துக்குச் சுழற்றிவிட்டுத்தான் தாளில் வைக்க வேண்டும்.

வடிகட்டலாமா

மேற்கோள் 6,000 இலிருந்து 6 லட்சம் ஆனால் எல்லாரோடும் எல்லாவற்றையும் ஒப்பிடுவது சுமையாகும். முதலில் ஒரே மாதிரி வரிசைகளை ஒன்றாக்குங்கள்: தொகுப்பு பாதியானால் தமக்குள் ஒப்பிடும் வேலை காலாகும். அதன் பின் துண்டுப் பொருத்த வடிகட்டி. 650 எழுத்தில் வேறுபாடு 19 என்றால், மீதி 631 எழுத்தும் அதிகபட்சம் 20 தொடர்களாகத்தான் பிரிய முடியும். ஆகவே ஒரு தொடராவது 32 எழுத்துக்குக் குறையாது. 31 எழுத்துத் துண்டு ஒன்றையும் பகிராத மேற்கோளை, இடைவெளி இல்லாத சிஓஐயில், 97 விழுக்காட்டுக்குக் கீழே என்று அச்சமின்றி விடலாம். எழுத்துக்கு 2 பிட் வைத்தால் 31 எழுத்து 62 பிட்; ஒரே 64 பிட் எண்ணில் அடங்கும். கருவாட்டிலிருந்து கிடைப்பது போன்ற 130 எழுத்துக் குறுந்துண்டில் இந்தக் கணக்கு விளிம்பில்தான் நிற்கும். அதில் 3 வேறுபாடு வரை 32 எழுத்துக்கு உத்தரவாதம் உண்டு, 96.9 விழுக்காடு ஒத்த 4 வேறுபாட்டில் அது 26 எழுத்துதான். குறுந்துண்டுகளுக்கு வடிகட்டியை எடுத்துவிட்டு முழு ஒப்பீடே செய்ய வேண்டும், அளவு சிறியது என்பதால் சுமையும் இல்லை.

ஒப்படைக்கும் முன்

இணைகளில் 1,000 ஐக் குலுக்கல் முறையில் பொறுக்கி, மெதுவான, எளிய பைத்தான் நிரலில் ஓட்டி மதிப்பெண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 42 கோடிக் கட்டம், 7 நிமிடம். ஒன்று மாறினாலும் முழு முடிவையும் நிறுத்தி வைக்க வேண்டும். ஐந்து தட்டிலும் இனம் தெரிந்த மீன் தன் பெயரோடு வந்திருக்கிறதா என்பது அடுத்த சோதனை. மாதிரிக்கு முதலில் வந்த ஒரே மேற்கோளை நம்பாமல், மேலே உள்ள 20 இல் எத்தனை ஒரே பெயரைச் சொல்கின்றன என்று எண்ணுங்கள். 19 ஒரு பெயர், முதலிடம் மட்டும் வேறு பெயர் என்றால் சந்தேகம் மேற்கோள்மேல்தான்.

சில சுறா இன இணைகளை எத்தனை கோர் போட்டாலும் சிஓஐ பிரிக்காது. கார்க்கரைனஸ் அப்ஸ்கியூரஸும் கார்க்கரைனஸ் கலபகென்சிஸும் மைட்டோகாண்ட்ரியாவில் பிரித்தறிய முடியாத அளவு நெருங்கியவை. அப்படிப்பட்ட துண்டுக்கு அறிக்கையில் இரண்டு பெயரையும் எழுதி, உட்கரு மரபணுப் பகுதியைப் படிக்கத் திசுவில் ஒரு பங்கை எத்தனாலில் மூழ்கவைத்துக் குளிரில் எடுத்துவைக்க வேண்டும். தட்டு எண், குழி எண், துண்டு வாங்கிய இறங்குதளம், தேதி நான்கும் அந்தக் குப்பியின்மேல் பென்சிலால் எழுதியிருக்க வேண்டும், எத்தனால் பட்டால் பேனா மை கரைந்துவிடும்.